படத்துக்கு இருண்ட, சோகமான பழைய ஜாஸ் தேடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

14 நிமிடக் குறும்படம் ஒன்றுக்கு இசை தேடும் வேலை என்னிடம் வந்தது. கடைசிக் காட்சியில் ஒரு பெண் விளக்கணைந்த விடுதி அறையில் தனியாக உட்கார்ந்திருப்பாள். அதற்கு 1950களின் கடைசியில் பதிவான ஒரு டிரம்பெட் இசையைத் தற்காலிகமாக வைத்தேன். படத்தொகுப்பாளர் அந்த டிரம்பெட்டின் மூச்சைப் பார்த்தே வெட்டினார். இயக்குநர் கேட்டுக் கேட்டு, அது இல்லாமல் அந்தக் காட்சியை நினைத்துப் பார்க்கவே முடியாத நிலைக்கு வந்துவிட்டார். உரிமை கேட்டு எழுதியது அதற்குப் பிறகுதான். ஒலிப்பதிவை வைத்திருந்த நிறுவனம் ஐந்து வாரத்தில் சம்மதித்தது. மெட்டின் உரிமையோ மூன்று பதிப்பாளர்களிடம் பிரிந்து கிடந்தது. அவர்களில் ஒருவர் மூன்று மாதம் கழித்து மறுத்துவிட்டார். மற்ற இருவரின் சம்மதத்தால் ஒரு பயனும் இல்லை. காட்சியை முதலிலிருந்து வெட்டினோம். விழாவுக்கு அனுப்ப வேண்டிய தேதியும் போய்விட்டது.

அதன் பிறகு இந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். நான் செய்திருக்க வேண்டிய வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். சட்டக் கணக்குகளைச் சொல்லியிருக்கிறேன் என்றாலும், கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

1. உங்கள் தலைக்குள் ஒலிப்பது எந்தப் பத்தாண்டு?

"பழைய ஜாஸ், இருட்டாக, சோகமாக வேண்டும்" என்று ஒரு இயக்குநர் சொன்னால், பெரும்பாலும் அவர் மனதில் இருப்பது 1950களின் ஒலி. ஒலியை அடக்கும் மியூட் போட்ட டிரம்பெட், பிரஷ்ஷால் தேய்க்கும் டிரம்ஸ், இடையிடையே நிறைய மௌனம். 1940களின் கறுப்பு வெள்ளைக் குற்றப்படங்களில் அந்த ஒலி நிறைந்திருந்ததாக நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. அந்தப் படங்களின் பின்னணி பெரும்பாலும் ஆர்கெஸ்ட்ராதான். ஜாஸ் வந்தால் காட்சிக்குள் இருக்கும் கிளப்பிலிருந்தோ ரேடியோவிலிருந்தோ வரும். பின்னணி இசையாகவே ஜாஸ் ஊன்றியது 1950களில்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், காலம் மாறினால் ஒலியும் மாறும், உரிமையும் மாறும், செலவும் மாறும். இயக்குநரை உட்கார வைத்து, கீழே சொல்லும் மூன்று காலங்களிலிருந்தும் இரண்டிரண்டு மாதிரி போட்டுக் காட்டுங்கள்.

1925க்கு முந்தைய பதிவுகளில் மைக்ரோஃபோன் கிடையாது. கலைஞர்கள் ஒரு பெரிய கொம்புக் குழாயின் முன் நின்று வாசித்தார்கள். ஏறத்தாழ 200 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரைதான் ஒழுங்காகப் பதியும். அடித்தளத்து பாஸ் மங்கலாக இருக்கும். டிரம்ஸ் செட்டை முழுதாகப் பதிய முடியாததால் மரக்கட்டைத் தட்டல்தான் கேட்கும். இந்த ஒலியின் சோகம் ஏதோ சுவருக்குப் பின்னாலிருந்து வருவது போன்றது. நினைவுக் காட்சிக்கும், இறந்தவர் வீட்டில் ஓடும் கிராமஃபோனுக்கும் இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது.

1925இல் மின்முறைப் பதிவு வந்ததும் பியானோவின் அடிச் சுரங்களும் மூச்சுக்காற்றும் கேட்கத் தொடங்கின. டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவில் பபர் மைலி என்ற கலைஞர், குழாய் அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணமான பிளஞ்சரை டிரம்பெட் வாயில் வைத்து எழுப்பிய உறுமல் இந்தக் காலத்தது. என் காதுக்கு ஜாஸின் உண்மையான இருட்டு 1926க்கும் 1930க்கும் நடுவில்தான் இருக்கிறது. மூன்றாவது காலம் 1948இல், நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டு வந்த பிறகானது. டேப்பில் பதிந்த நீளமான, தெளிவான இசை அது. எல்லோரும் கேட்பதும் அதைத்தான், கிடைக்கக் கடினமானதும் அதுதான்.

படம் நடக்கும் ஆண்டையும் பாருங்கள். 1935இல் நடக்கும் காட்சியில் கிராமஃபோன் 1957இன் இசையைப் பாட முடியாது.

2. ஒவ்வொரு தட்டிலும் இரண்டு உரிமைகள்

எல்லோரும் முதலில் விழும் குழி இது. மெட்டும் பாடல் வரியும் ஒரு சொத்து. அது இசையமைத்தவரிடமோ அவருடைய பதிப்பாளரிடமோ இருக்கும். அந்த மெட்டை ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குழு வாசித்துப் பதிந்த ஒலி இன்னொரு சொத்து. அதை மாஸ்டர் என்பார்கள். படத்தில் வைக்க மெட்டுக்கு சிங்க் உரிமமும், ஒலிப்பதிவுக்கு மாஸ்டர் உரிமமும் தனித்தனியாக வேண்டும். ஒன்று கிடைத்து மற்றது கிடைக்கவில்லை என்றால் எதுவும் கிடைக்கவில்லை என்றே அர்த்தம்.

மெட்டின் உரிமை மூன்று நான்கு பேரிடம் பிரிந்திருப்பது சாதாரணம். வரி எழுதியவருக்கு ஒரு பங்கு, மெட்டுப் போட்டவருக்கு ஒரு பங்கு, அந்தப் பங்குகளை அடுத்தடுத்து விலைக்கு வாங்கியவர்கள் வேறு. ஆஸ்காப், பிஎம்ஐ என்ற அமெரிக்க இசை உரிமை அமைப்புகளின் சாங்வியூ தரவுத்தளத்தில் பாட்டின் பெயரைப் போட்டால் யாரிடம் எத்தனை சதவீதம் என்பது பெரும்பாலும் தெரியும். இரண்டு பேருக்கு மேல் இருந்தால் அந்தப் பாட்டை இயக்குநரின் காதில் போடாதீர்கள்.

3. ஆண்டுக் கணக்கு

பழைய ஜாஸ் பெரும்பாலும் அமெரிக்காவில் பதிவானது. அதனால் அந்த நாட்டுச் சட்டத்திலிருந்து தொடங்குங்கள். 2018இல் வந்த சட்டத்தின்படி, 1923க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் எல்லாம் 2022 ஜனவரி 1 அன்று பொதுவுக்கு வந்துவிட்டன, அதாவது யாருடைய அனுமதியும் இல்லாமல் பயன்படுத்தலாம். 1923 முதல் 1946 வரை வெளியானவற்றுக்கு 100 ஆண்டு. 1947 முதல் 1956 வரை 110 ஆண்டு. 1957 முதல் வெளியானவற்றில், 1972 பிப்ரவரி 14 வரை பதிவானவற்றுக்கு 2067 பிப்ரவரி 15 வரை காவல் உண்டு. நான் ஆசைப்பட்ட டிரம்பெட் இந்தக் கடைசிக் கூட்டத்தில் இருந்தது.

மெட்டுக்கு வேறு கணக்கு. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் அச்சாகி, உரிமை முறையாகப் புதுப்பிக்கப்பட்டவற்றுக்கு 95 ஆண்டு. உரிமை ஆண்டின் கடைசி நாளோடு முடியும். ஆக 2026 ஜனவரி 1 நிலவரப்படி 1925 வரை வெளியான ஒலிப்பதிவுகளும், 1930 வரை அச்சான மெட்டுகளும் அமெரிக்காவில் பொது. நடுவில் ஒரு ஐந்தாண்டு இடைவெளி இருக்கிறது பாருங்கள், அதை நினைவில் வையுங்கள். 7ஆம் படியில் அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

ஓர் உதாரணம். இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டியின் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் 1914இல் அச்சானது. பெஸ்ஸி ஸ்மித் அதை 1925 ஜனவரியில் பாடினார். லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட்டும் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) ஒரு ஹார்மோனியமும் தவிர வேறு வாத்தியம் இல்லை. டிரம்ஸ் இல்லாத அந்தப் பதிவின் துக்கம் தாங்க முடியாதது. அமெரிக்காவில் மெட்டு ஏற்கெனவே பொது. ஒலிப்பதிவு 2026இல் பொதுவானது. ஆனால் பல நாடுகள் மெட்டுக்கு, எழுதியவர் இறந்த பிறகு 70 ஆண்டு என்று எண்ணுகின்றன. ஹேண்டி 1958இல் இறந்தார். அப்படி எண்ணினால் 2028 முடிவு வரை உரிமை இருக்கிறது. சொந்த நாட்டில் முடிந்த உரிமையைச் சில நாடுகள் தாமும் முடிந்ததாகவே எடுத்துக்கொள்ளும், சில எடுத்துக்கொள்ளாது. படம் எந்தெந்த நாடுகளில் ஓடப்போகிறது என்ற பட்டியல் இல்லாமல் "இது இலவசம்" என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தப் படியில் மூன்று பொறிகள்.

முதலாவது, ஐரோப்பிய மறுவெளியீட்டு சிடிக்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1962 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்குப் பழைய 50 ஆண்டுக் கணக்கிலேயே காவல் முடிந்துவிட்டது. அதனால் 1950களின் ஜாஸ் அங்கே மலிவு சிடிக்களாகக் குவிகிறது. அந்த சிடியை வாங்கியவர்கள் எங்கும் பயன்படுத்தலாம் என்று நம்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் அதே பதிவு 2060களில்தான் பூட்டிலிருந்து வெளிவரும். ஐரோப்பாவிலும் மெட்டுக்கு உரிமை தனியாக உண்டு.

இரண்டாவது, பதிவான ஆண்டும் வெளியான ஆண்டும் ஒன்றல்ல. 1924 டிசம்பரில் பதிந்தது 1925இல் கடைக்கு வந்திருக்கலாம். சட்டம் எண்ணுவது வெளியான ஆண்டை.

மூன்றாவது பலருக்கும் தெரியாது. 1978க்கு முன் தட்டு வெளியானதை அமெரிக்கச் சட்டம் மெட்டு வெளியானதாகக் கொள்வதில்லை. 1927இல் தட்டு வந்தது என்பதால் மெட்டின் ஆண்டும் 1927 ஆகிவிடாது. தாள் இசை அச்சான ஆண்டு அல்லது பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவான ஆண்டுதான் கணக்கு. அந்த அலுவலகத்தின் பழைய ஆண்டுப் பதிவேடுகள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இருக்கின்றன. உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தேடத்தான் வேண்டும். ஒரு பாட்டுக்கு அரை நாள் ஆகும்.

4. எங்கே, எந்தச் சொல்லால் தேடுவது

கேட்பதற்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் நேஷனல் ஜூக்பாக்ஸ். மைக்ரோஃபோனுக்கு முந்தைய தட்டுகள் ஆயிரக்கணக்கில் அங்கே உண்டு. விவரம் பார்க்க சாண்டா பார்பரா பல்கலைக்கழகம் நடத்தும் அமெரிக்க வரலாற்றுப் பதிவுகளின் அட்டவணை. மேட்ரிக்ஸ் எண் (ஒவ்வொரு பதிவுக்கும் நிறுவனம் கொடுத்த எண்), பதிவான நாள், சில சமயம் வாசித்தவர்கள் பெயர் வரை அதில் கிடைக்கும். தட்டின் லேபிள் படம் வேண்டுமென்றால் டிஸ்காக்ஸ் இணையதளம். இன்டர்நெட் ஆர்க்கைவில், நிமிடத்துக்குச் சுமார் 78 முறை சுற்றும் பழைய 78 வேகத் தட்டுகள் மலைபோல் இருக்கின்றன. ஆனால் இறக்கிக்கொள்ள முடிகிறது என்பது படத்தில் வைக்கலாம் என்பதற்கான அனுமதி அல்ல. அங்கே இருப்பவற்றில் பெரும்பகுதி இன்னும் காவலில் இருக்கும் ஆண்டுகளைச் சேர்ந்தது.

தேடுசொல்லில் நான் வாரக்கணக்கில் ஏமாந்தேன். 'ப்ளூஸ்' என்று பெயர் வைத்தால் சோகமாக இருக்கும் என்று நினைத்தேன். 1920களில் அந்தச் சொல் சந்தையில் நன்றாக விற்றது. அதனால் துள்ளி ஆடும் நடனப் பாட்டுக்கும் அந்தப் பெயரையே ஒட்டினார்கள். மாறாக, லேபிளில் 'ஃபாக்ஸ் டிராட்' என்று ஒரு நடன வகையின் பெயரைச் சாதாரணமாகப் போட்டிருந்த தட்டுகள் சில நெஞ்சைப் பிசைந்தன. பலன் தந்த சொற்கள்: லமென்ட், மோன், லோன்சம், மிட்நைட், ஸ்லோ டிராக். இவற்றைவிட நல்ல வழி, ஒரு தட்டு பிடித்துப்போனால் அதில் வாசித்தவரைப் பின்தொடர்வது. ஒரு கிளாரினெட் கலைஞரின் பெயரைப் பிடித்துக்கொண்டு அவர் பக்க வாத்தியமாக வந்த தட்டுகளையெல்லாம் கேளுங்கள். ப்ளூஸ் பாடகிகளுக்குப் பின்னால் வாசித்த சிறிய குழுக்களில்தான் எனக்கு மிகச் சிறந்தவை கிடைத்தன.

தேடும்போதே ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். பெயர், குழு, லேபிள், தட்டு எண், மேட்ரிக்ஸ் எண், வெளியான ஆண்டு, மெட்டின் ஆண்டு, எழுதியவர் இறந்த ஆண்டு, எங்கே கேட்டது. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே பாட்டை ஒரே குழு மூன்று நிறுவனங்களுக்குப் பதிந்த காலம் அது.

5. படத்தோடு வைத்துக் கேளுங்கள்

தனியாகக் கேட்கும்போது உருக்கும் இசை வசனத்துக்கு அடியில் எரிச்சலாகிவிடும். கொம்புக் குழாய்ப் பதிவின் ஒலி முழுவதும் மனிதக் குரல் இருக்கும் அதே அலைவரிசையில் குவிந்திருப்பதால் இரண்டும் மோதும். அதை வசனமில்லாத இடத்தில் வையுங்கள், அல்லது காட்சிக்குள் கிராமஃபோனில் ஓடுவதாகக் காட்டுங்கள்.

10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். அதில் உங்களுக்கு வேண்டிய இருட்டு பெரும்பாலும் ஒரு சுற்றில் மட்டும் இருக்கும். நிமிடத்துக்கு 80 தாள அடி வேகத்தில், பாருக்கு நான்கு அடியாக 12 பார் கொண்ட ஒரு சுற்று 36 வினாடி. காட்சி அதைவிட நீளம் என்றால் என்ன செய்வது என்று அப்போதே யோசியுங்கள்.

வேகத்தையும் சோதியுங்கள். 78 என்று பெயரே தவிர, பழைய தட்டுகள் பல வேறு வேகத்தில் வெட்டப்பட்டவை. பியானோவில் சேர்த்து வாசித்துப் பாருங்கள். சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நின்றால் வேகம் தவறாக இருக்கக்கூடும். இதைக் கவனிக்காமல் மேலே புது செல்லோ சேர்த்தால் ஒட்டவே ஒட்டாது.

6. உரிமை இருக்கும் இசை என்றால்: கடிதமும் பணமும்

படத்தொகுப்பு முடிவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே எழுதுங்கள். பதிப்பாளருக்கும் ஒலிப்பதிவு உரிமையாளருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். கடிதத்தில் படத்தின் பெயர், நீளம், மொத்த பட்ஜெட், இசை வரும் காட்சியின் விவரம், எத்தனை வினாடி, பின்னணியா காட்சிக்குள்ளா, டைட்டிலில் வருகிறதா, எந்த ஊடகம், எந்த நாடுகள், எத்தனை ஆண்டு, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் கேள்வி கேட்டு மின்னஞ்சல் வரும், இரண்டு வாரம் போகும். பட்ஜெட்டை மறைக்காதீர்கள். சிறிய படம் என்று தெரிந்தால் குறைத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள்.

செலவைக் கணக்கிடும்போது 'மோஸ்ட் ஃபேவர்ட் நேஷன்ஸ்' என்ற நிபந்தனையை மறக்காதீர்கள். ஒருவருக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதற்குக் குறையாமல் தனக்கும் வேண்டும் என்பது அதன் பொருள். மெட்டுக்கு 100 என்று பேசி முடித்து, மாஸ்டருக்கு 250 கேட்டால், மெட்டுக்கும் 250 ஆகிவிடும். மொத்தம் 500. அதனால் முதல் விலை வந்ததும், மொத்தம் குறைந்தது அதைப் போல் இரண்டு மடங்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் பணம் குறைவென்றால் விழாக்களுக்கு மட்டும் ஓராண்டு உரிமம் கேளுங்கள். ஆனால் பின்னால் விநியோகம் கிடைத்தால் முழு உரிமம் என்ன விலை என்பதையும் அதே ஒப்பந்தத்தில் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். படம் விற்ற பிறகு போய்க் கேட்டால் அவர்கள் கேட்பதுதான் விலை. இன்னொன்று, விலை சொன்ன மின்னஞ்சல் உரிமம் ஆகாது. அதற்குக் காலாவதித் தேதி உண்டு. கையெழுத்தான தாளும் பணம் கட்டிய ரசீதும் வரும்வரை அந்த இசை உங்களுடையது இல்லை.

கேட்காமல் வைத்துவிடலாமே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் தெரிந்தே செய்த மீறலுக்கு ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை நீதிமன்றம் விதிக்கலாம். வேண்டாம்.

7. நான் கடைசியில் போன வழி: பழைய மெட்டு, புதிய பதிவு

அந்த ஐந்தாண்டு இடைவெளிக்கு வருவோம். அமெரிக்காவில் 1926 முதல் 1930 வரையிலான மெட்டுகள் பொதுவாகிவிட்டன, அவற்றின் பழைய ஒலிப்பதிவுகள் ஆகவில்லை. அதாவது ஜாஸ் மிகவும் இருண்டிருந்த ஆண்டுகளின் மெட்டுகளை நீங்களே வாசித்துப் பதியலாம். மாஸ்டர் உங்களுடையதாகிவிடும். காட்சியின் நீளத்துக்கே வாசிக்கச் சொல்லலாம். என் படத்தின் கடைசிக் காட்சியில் இப்போது இருப்பது அப்படிப் பதிந்ததுதான், முதலில் வைத்ததைவிட அது அந்தப் பெண்ணுக்கு நெருக்கமாக இருக்கிறது.

மெட்டை முதலில் அச்சான தாள் இசையிலிருந்தே எடுங்கள். பல்கலைக்கழக நூலகங்களின் இணையத் தொகுப்புகளில் ஸ்கேன் கிடைக்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸின் லெவி தொகுப்பு நல்ல தொடக்கம். பிற்காலத்து ஜாஸ் நோட்டுப் புத்தகங்களிலிருந்து எடுத்தால், 1950களில் யாரோ மாற்றிய சுரக்கூட்டுகளும் சேர்ந்து வந்துவிடலாம், அந்த இசை அமைப்புக்குத் தனி உரிமை இருக்கலாம். பிரபலமான பதிவில் வரும் தனிவாசிப்பை அச்சு மாறாமல் நகலெடுப்பதும் அதே காரணத்தால் ஆபத்து. வரிகள் பின்னால் சேர்க்கப்பட்டவையாக இருந்தால் அவற்றின் ஆண்டையும் தனியாகப் பாருங்கள்.

ஆட்கள் அதிகம் வேண்டாம். கிளாரினெட் அல்லது மியூட் போட்ட கார்னெட், பியானோ, டபுள் பாஸ், பிரஷ். நான்கு பேர் போதும். எல்லோரும் ஒரே அறையில், ஹெட்ஃபோனும் தாளம் காட்டும் கிளிக் சத்தமும் இல்லாமல், ஒருவரையொருவர் பார்த்து வாசிக்கட்டும். நடுவில் ஒரு ரிப்பன் வகை மைக்ரோஃபோன். கார்னெட் அதிகமாகக் கேட்டால் வாசிப்பவரைப் பின்னால் நகர்த்துங்கள், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத் தொடாதீர்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் சமன் செய்தார்கள், அந்தத் தூரம்தான் பழமையாகக் கேட்கிறது. வாசிப்பவர்களிடம் 'சோகமாக' என்று சொன்னால் இழுத்து வழிய விடுவார்கள். "சத்தம் குறையுங்கள், சுரத்தைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள்.

பழசாக்கும்போது மோனோவாக்கி, மேலே 5,000 ஹெர்ட்ஸுக்கு அருகில் வெட்டிவிட்டால் 1930இன் சாயல் வந்துவிடும். கீறல் சத்தத்தைக் கடையில் கிடைக்கும் மாதிரித் தொகுப்பிலிருந்து போடாதீர்கள். அவற்றில் பல எல்பி தட்டின் சத்தம். 78 வேகத்தில் சுற்றும் தட்டில் ஒரு கீறல் 0.77 வினாடிக்கு ஒருமுறை திரும்ப வரும். எல்பியில் 1.8 வினாடி. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ போலி என்று காது சொல்லிவிடும். ஒரு பழைய தட்டின் இசை தொடங்கும் முன் இருக்கும் வெற்றுப் பள்ளத்தின் ஒலியைப் பதிந்து அடியில் வையுங்கள்.

பதிவுக்கு முன்பே ஒவ்வொரு கலைஞரிடமும் கையெழுத்து வாங்குங்கள். இந்தப் பதிவின் எல்லா உரிமையும், எல்லா ஊடகத்துக்கும், காலவரையின்றி, தயாரிப்பாளருக்கு என்று ஒரு பக்கம் போதும். நண்பர்தானே என்று விட்டால் மூன்று ஆண்டு கழித்து விநியோகஸ்தர் அந்தத் தாளைக் கேட்பார். நண்பர் அப்போது எங்கே இருப்பாரோ.

பதிவுக்கும் பணமில்லை என்றால் இசை நூலகங்கள் உண்டு. பழைய பாணியில் புதிதாகச் செய்த ஜாஸை, இரண்டு உரிமையும் ஒரே கையில் இருக்க, ஒரே கட்டணத்தில் தருவார்கள். ஒரே நாளில் வேலை முடியும். ஆனால் நூற்றில் தொண்ணூறு, உணவகத்தில் ஓடும் இசை போலத்தான் இருக்கும். பொறுமையாகக் கேட்க வேண்டும்.

8. காகிதங்கள், பிறகு ஏற்றிப் பார்ப்பது

ஒவ்வொரு இசைத் துண்டுக்கும் ஒரு கோப்புறை வைத்துக்கொள்ளுங்கள். உரிமம், ரசீது, கலைஞர் கையெழுத்துகள் உள்ளே இருக்கட்டும். பொதுவுக்கு வந்த இசையென்றால் லேபிளின் படம், வெளியான ஆண்டுக்கான சான்று, முதல் தாள் இசையின் ஸ்கேன், எந்தத் தளத்திலிருந்து எந்த விதிமுறையின் கீழ் எடுத்தீர்கள் என்பதன் நகல். அத்தோடு க்யூ ஷீட். எந்த நிமிடத்தில் எந்த இசை, எத்தனை வினாடி, எழுதியவர் யார், பதிப்பாளர் யார், எப்படிப் பயன்பட்டது என்ற பட்டியல் அது. படத்தொகுப்பு முடிந்த அன்றே நிரப்பிவிடுங்கள். தொலைக்காட்சியோ விநியோகஸ்தரோ முதலில் கேட்பது இதைத்தான்.

பொதுவுக்கு வந்த பழைய பதிவை வைத்து யூடியூபில் ஏற்றினாலும் தானியங்கி உரிமைக் கோரிக்கை வரலாம். யாரோ ஒரு தொகுப்பு வெளியிட்டவர் அதைத் தன்னுடையது என்று பதிந்து வைத்திருப்பார். நீங்கள் ஆட்சேபித்தால் பதில் சொல்ல அவருக்கு 30 நாள் அவகாசம் உண்டு. ஆகவே வெளியீட்டுத் தேதிக்கு ஆறு வாரம் முன்பே படத்தை மற்றவர்கள் பார்க்க முடியாத 'பிரைவேட்' அமைப்பில் ஏற்றிப் பாருங்கள். கோரிக்கை வந்தால் பதற வேண்டாம். தட்டு எண்ணையும் வெளியான ஆண்டையும் குறிப்பிட்டு அன்றைக்கே ஆட்சேபம் எழுதுங்கள், கோப்புறையில் எல்லாம் இருந்தால் பத்து நிமிட வேலை.